ரோலெக்ஸ் வெச்ச இன்டர்வியூ

வா நைனா. கையை ஏன் பின்னாடி ஒளிச்சுக்கினு வர்ற? காட்டு. அடேங்கப்பா! ஒண்ணு, ரெண்டு, மூணு... மணிக்கட்டுல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் கோடு இழுத்து வுட்டிருக்காளே! நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவன் ரூமுக்குப் போய்ப் படுக்காம, விடியக்காலையில பூனையைக் கொஞ்சப் போனியாக்கும். மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும்னு ஊரே யோசிச்சுக்கினு இருக்குது. நீ போய் நெஞ்சை நிமித்தி நின்னு, என் பக்கம்தான்னு அந்தச் சந்தேகத்தைத் தீத்து வெச்சிருக்கே.

சரி, சிரிக்கல. மொதல்ல குழாயடிக்குப் போ. சோப்பைப் போட்டுக் கையை ஓடுற தண்ணியில வை. வெச்சதும் எடுக்காதே, 15 நிமிஷம் ஓடணும். ஆமாண்டா, கால் மணி நேரம். மோட்டாரு கரண்டை உன் வாடகையில சேத்துக்கறேன், கவலைப்படாதே. உள்ள உன் ஆயா மஞ்சத்தூளைக் குழைக்கிற சத்தம் கேக்குது. அடுத்தாப்ல சுண்ணாம்பைத் தூக்கிக்கினு வருவா, அப்புறம் காப்பித்தூள். எதுவும் வேணாம்னு நீயே சொல்லிடு. நான் சொன்னா அம்பது வருஷமா அவ கேட்டதில்ல.

கழுவி முடிச்சதும் நேரா ஸ்ரீபெரும்புதூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. நாய் கடிச்சாத்தானே ஊசின்னு கேக்கறியா? வெறிநோய் பூனைக்கும் வரும், பூனை மூலமா உனக்கும் வரும். அவளை எந்த நாய் எப்போ கடிச்சுதுன்னு யாரு கண்டா? ரத்தம் வந்திருக்குது பாரு, அதை டாக்டர்கிட்ட மறைக்காம காட்டு. இன்னிக்கு ஒண்ணு, 3ஆம் நாளு ஒண்ணு, 7ஆம் நாளு ஒண்ணு, 28ஆம் நாளு ஒண்ணு. காசு கெடையாது. எங்க காலத்துல தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க. நாய்க்குப் பயந்தவனைவிட ஊசிக்குப் பயந்து ஓடினவன்தான் அதிகம். இப்போ எல்லாம் தோள்ல எறும்பு கடிக்கிற மாதிரிதான். ஆனா அந்த நோவு வந்துட்டா, அதுக்கு மேல எந்த வைத்தியனும் ஒண்ணும் பண்ண முடியாது. இதுல மட்டும் தாத்தன் தமாஷ் பண்ணல. லீவு குடுக்க மாட்டாங்களா? கையைக் காட்டு. பூனைன்னு சொன்னா சிரிப்பாங்க. வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடப் போற வழியில புலின்னு சொல்லிப் பாரு.

தண்ணி ஓடட்டும். அது வரைக்கும் நான் பேசறேன், நீ கேளு. உனக்கும் வேற வழியில்ல.

அவளை எப்படித் தொட்டே? பிடரியைப் பிடிச்சுத் தூக்கினியா? போச்சு. யூட்யூப்ல பாத்தியாக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல வாடகைக்குக் குடியிருந்துகினு உனக்கு இது தெரியல பாரு. 1017ல ராமானுஜர் பொறந்த ஊருடா அது. அவருக்கு அப்புறம் வந்த வைணவப் பெரியவங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சாங்க. வடகலைக்காரங்க குரங்கு கட்சி. குரங்குக் குட்டி தாயோட வயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கும், அதுமாதிரி நாமதான் பெருமாளைப் பிடிச்சுக்கணும்பாங்க. தென்கலைக்காரங்க பூனை கட்சி. பூனைக்குட்டி ஒண்ணும் பண்ணாது, தாயே பிடரியைக் கவ்விக்கினு போவும், அதுமாதிரி பெருமாளே நம்மளைப் பாத்துக்குவாரும்பாங்க. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம்னு அதுக்குப் பேரு. நீ எந்தக் கட்சியா வேணா இரு. ஆனா கவ்வறது தாயி, கவ்வப்படறது குட்டின்னு அதுல தெளிவா இருக்குது இல்ல? வளந்த பூனையைப் பிடரியில தூக்க நீ என்ன அவ ஆத்தாளா? இல்ல பெருமாளா?

பேரு இன்னா வெச்சிருக்கே? ரோலெக்ஸா? அந்த சினிமாவுல கடைசியில வந்து மிரட்டுவானே, அவன் பேரா? குணத்துக்குப் பொருத்தம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சியா? வெள்ளை, கறுப்பு, செம்பட்டை, மூணு கலரும் ஒண்ணா இருந்தா அது பொட்டப் பூனை. கடுவன்ல மூணு கலரு வரவே வராதுன்னு சொல்லலாம், ஆயிரக்கணக்குல ஒண்ணு தப்பிப் பொறந்தாத்தான். செம்பட்டைக்கும் கறுப்புக்கும் உள்ள விதை ஒரே எடத்துல, எக்ஸுங்கற குரோமோசோம்ல இருக்குதாம். பொட்டைக்கு அது ரெண்டு, ஆணுக்கு ஒண்ணே ஒண்ணு. என் பேத்தி வேப்பேரி கால்நடைக் காலேஜ்ல படிக்குது இல்ல, அது சொல்லிச்சு. 1903லேர்ந்து இருக்கிற காலேஜு. நான் சொன்னா நம்ப மாட்டே, அதனால காலேஜ் வயசையும் சேத்துச் சொல்றேன். ஆறு மாசமா ஒரு பொம்பளையை ‘வாடா ரோலெக்ஸ், வாடா’ன்னு கூப்ட்டுக்கினு இருந்திருக்கே. கீறாம இன்னா பண்ணுவா?

எங்கேர்ந்து வந்தாள்னு யாருக்கும் தெரியாது. புனேலேர்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் ஏத்தி வந்த லாரியில இறங்கினான்னு டீக்கடைக்காரன் சொல்றான். இருக்கும். பூனை லாரியில என்ன, கப்பல்லயே வரும். 2020 பிப்ரவரியில சென்னை ஹார்பர்ல, சீனாவுலேர்ந்து வந்த பொம்மைக் கண்டெய்னரைத் தொறந்தா உள்ள பொம்மைங்களுக்கு நடுவுல உசிரோட ஒரு பூனை. கொரோனா பீதி கெளம்பின நேரம். வந்த ஊருக்கே திருப்பி அனுப்புன்னு ஆபீசருங்க. அனுப்பாதே, அதால ஒண்ணும் பரவாதுன்னு பீட்டாக்காரங்க. பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பூனைக்குப் பாஸ்போர்ட் கேட்ட தேசம்டா இது. உன்னை ஒரு ஆதாரோட வுட்டாங்களேன்னு சந்தோஷப்படு.

சிநேகம் பிடிக்கணும்னா நான் சொல்றதைக் கேளு. நீ பூனை வளக்கப் போறேன்னு நெனைச்சுக்கினு இருக்கே. அது தப்பு. அவதான் ஆள் எடுத்துக்கினு இருக்கா. நீ அப்ளிகேஷன் போட்டவன். கம்பெனியில உன்னை மொதல் நாளே பர்மனெண்ட் பண்ணினாங்களா? ட்ரெய்னி, அப்புறம் கான்ட்ராக்ட், அப்புறம் பாக்கலாம் பாக்கலாம்னு மூணு வருஷமா இழுக்கறான் இல்ல? அதையெல்லாம் பொறுத்துக்கினு, பூனைகிட்ட மட்டும் ஆறு மாசத்துலயே மடியில உக்காருன்னா எப்பிடி? அவகிட்ட யூனியனும் கெடையாது.

இன்டர்வியூவுக்கு எப்பிடி உக்காரணும் தெரியுமா? மாமல்லபுரம் போயிருக்கியா, டூர் போனப்போ? அர்ஜுனன் தபசுன்னு பெரிய பாறை. பல்லவன் காலத்துச் செதுக்கல். எல்லாரும் யானையைப் பாத்து போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. அந்த யானைக்குப் பக்கத்துல ஒரு பூனை கையைத் தூக்கிக்கினு தவம் பண்ணும் பாரு, காலடியில எலிங்க. எலி மேல எனக்கு ஆசையே இல்லன்னு ஒரு மூஞ்சி. அந்த மூஞ்சிதான் உனக்கு வேணும். பூனைகிட்டயே பூனைத் தவம் காட்டணும். எட்டடி தள்ளி உக்காரு. நேரா பாத்து உக்காராதே, ஒருக்களிச்சு உக்காரு. நின்னா நீ அவளுக்குப் பனைமரம். செல்போனை நோண்டு, அதுக்கு உனக்குச் சொல்லித் தரத் தேவையில்ல. உன் மேல எனக்கு அக்கறையே இல்லைங்கற மாதிரி இரு. தினம் ஒரே நேரம், ஒரே எடம், ஒரே தட்டு. ஷிப்ட் மாறுதா? மாறட்டும். உனக்கு ஷிப்ட் மாறும்னு அவளுக்கு எந்த எச்சாரு சொல்லுவான்? ஏ ஷிப்ட்டோ சி ஷிப்ட்டோ, உனக்கு ஒத்து வர்ற ஒரு நேரத்தை வெச்சுக்கோ, இல்லாட்டி ரூம்ல இருக்கிற இன்னொருத்தன் கையில சொல்லிட்டுப் போ.

முறைச்சுப் பாக்காதே. பூனை பாஷையில முறைக்கிறது சண்டைக்குக் கூப்பிடறது. பாத்தே ஆகணும்னா, கண்ணை மெதுவா, தூக்கம் வர்ற மாதிரி மூடித் தொற. அவளும் அப்பிடியே மூடித் தொறந்தா பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். இங்கிலாந்துல சசெக்ஸ் யூனிவர்சிட்டிக்காரங்க இதையே 2020ல ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்களாம். கண்ணை மெதுவா மூடித் தொறக்கறவங்ககிட்ட பூனை கிட்ட வருதாம். நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற உனக்கு அது தானாவே வரும், நடிக்க வேண்டியதில்ல.

வாலைப் பாரு. மேல தூக்கி, நுனியைக் கொக்கி மாதிரி வளைச்சுக்கினு வந்தா குட் மார்னிங். வாலைத் தரையில டப்பு டப்புன்னு அடிச்சா, காது பின்னாடி மடிஞ்சா, எழுந்து வந்துடு. அப்புறம் இந்தப் பசங்க எல்லாரும் மாட்டற எடம் ஒண்ணு இருக்குது. மல்லாந்து படுத்து வயித்தைக் காட்டுவா. உன்னை நம்பறேன்னு சொல்றா, அவ்வளவுதான். தொட்டுப் பாருன்னு சொல்லல. நம்பி வீட்டுச் சாவியைக் குடுத்தா பீரோவைத் தொறப்பியா? வயித்துல கை வெச்சே, நாலு காலும் சேந்து பிடிக்கும், பின்னங்கால் ரெண்டும் தேங்கா துருவும். மோந்து பாக்க ஒரு வெரலை மட்டும், அவ மூஞ்சிக்குக் கீழ நீட்டு. அவளா வந்து கன்னத்தை உரசினா, கன்னத்தோட நிறுத்திக்கோ. கன்னத்துல ஒரு வாசனை வெச்சிருக்கா, அதைத் தடவி உன்னைத் தன் கணக்குல எழுதிக்கறா. பத்திரப் பதிவு மாதிரி. ஸ்டாம்ப் டியூட்டி இல்லாத ஒரே பதிவு.

பதிவுன்னதும் ஞாபகம் வருது. இந்தப் பூனைங்க எல்லாம் எதுக்கு மனுஷன்கிட்ட வந்துச்சுன்னு நெனைக்கறே? பாசமா? நெல்லுடா. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மேற்கு ஆசியாவுல மனுஷன் தானியத்தைச் சேத்து வெச்சான், எலி வந்துச்சு, எலி பின்னாடி இது வந்துச்சு. யாரும் கூப்பிடல, யாரும் கட்டிப் போடல. வேலை இருந்துச்சு, இருந்துகிச்சு. இதோ இந்த ஹைவேக்கு அந்தாண்ட எல்லாம் ஏரிப் பாசனம். எங்க வீட்டுல குதிரு இருந்துச்சு, குதிருக்குக் கீழ ஒரு சாம்பப் பூனை இருந்துச்சு. அதுக்கு யாரும் சோறு வெச்சதில்ல, அதுவும் கேட்டதில்ல. 1998ல இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து மொத சான்ட்ரோ காரு வெளிய வந்தப்போ வேடிக்கை பாக்கப் போனவன் நான். அப்புறம் கம்பெனி மேல கம்பெனி. நெலம் போச்சு. காசு வந்துச்சு. அந்தக் காசுல கட்டினதுதான் நீ இருக்கிற சிமெண்ட் ஷீட் ரூமு. வெயில்ல வேவுதுன்னு நீ சொல்றது எனக்குத் தெரியும், அதைப் பத்தி அப்புறம் பேசலாம். நான் இன்னா சொல்ல வந்தேன்னா, நெல்லு போனதுல வேலை போனது எனக்கு மட்டும் இல்ல. பூனைக்கும்தான். எனக்காவது வாடகை வருது. அது பிரியாணிக் கடைப் பின்னாடி எலும்பு பொறுக்குது. அந்தக் கோவம் அதுக்கு இருக்காதா? கோவம் இல்லாத பூனை இந்த ரோட்டோரத்துல ஒரு வருஷம் தாங்காது. அவ இவ்வளவு நாளு உசிரோட இருக்கறதே அந்த நகத்தாலதான். அதைப் பழக்கி மழுங்க வெக்கணும்னு மட்டும் நெனைக்காதே.

பூனை குறுக்க போனா சகுனம் சரியில்லம்பாங்க. இந்த ஹைவேல ஒரு கார் டிரெய்லருக்குக் குறுக்க போற பூனைகிட்ட கேட்டுப் பாரு, யாருக்குச் சகுனம் சரியில்லன்னு.

கையைத் திருப்பிக் காட்டு தண்ணியில. அந்தப் பக்கமும் இருக்குது.

சாப்பாடு. பால் வெக்கறியா? வெப்பேன்னு தெரியும். சினிமா, கதை, காலண்டர் எல்லாத்துலயும் பூனைன்னா பாலு. கம்பரே தன்னைப் பாற்கடலை நக்கித் தீக்கப் போன பூனைன்னுதான் அவையில சொல்லிக்கிட்டாரு. தெனாலிராமன் சூடா பாலை வெச்சுப் பூனையைப் பால் பக்கமே போகாம பண்ணின கதையைக் கேட்டிருப்பே. ராஜா கோவிச்சுக்கிட்டாரு. ஆனா பேத்தி சொல்றதைப் பாத்தா, ராஜாவைவிட ராமன்தான் நல்ல டாக்டரு. வளந்த பூனைங்கள்ல நெறைய பூனைக்கு மாட்டுப்பால் செரிக்காது, பீச்சும். தண்ணி வை, போதும். தயிர்சோறும் பிஸ்கட்டும் போட்டுக்கினு பூனை வளக்கறேன்னு சொல்றவன் மாட்டுக்குப் பிரியாணி போடறவன். அதுக்குக் கவுச்சி வேணும். கறியிலயும் மீன்லயும் இருக்கிற ஒரு சத்து இல்லாட்டி கண்ணும் போவும், நெஞ்சும் போவும். மத்தி வாங்கு, காணாங்கத்தை வாங்கு, கோழிக்கடையில ஈரல் கொஞ்சம், கழுத்துக் கறி கொஞ்சம். உப்பில்லாம, மசாலா இல்லாம அவி. எலும்பை எடுத்துடு, வெந்த எலும்பு குத்தும். கருவாடு வேணாம், உப்பு. கேன்டீன்ல மிஞ்சின கோழிக் குழம்பை டிபன் பாக்ஸ்ல அள்ளிக்கினு வர்றே இல்ல? அதுல வெங்காயம், பூண்டு. ரெண்டும் பூனைக்கு வெஷம், ரத்தத்தைக் கெடுக்கும்.

இன்னொண்ணு, கவனமா கேளு. அவ சுருண்டு படுத்துக்கினு, உடம்பு சுட்டா, ஐயோ பாவம்னு உன் ரூம்ல இருக்கிற காய்ச்சல் மாத்திரையில பாதி உடைச்சுக் குடுத்துடாதே. பாராசிட்டமால் பூனையைக் கொன்னுடும். பாதி மாத்திரை கூடக் கொன்னுடும். நம்ம கிராமத்துல பாசத்தால செத்த பூனைங்க கல்லடியால செத்ததைவிட அதிகமா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அதைவிடப் பெரிய வேலை இருக்குது. ஆபரேஷன். மூஞ்சியைச் சுளிக்காதே. அவளுக்கு வயசு ஒண்ணரை இருக்கும். ஆறு மாசம்கூட நெறையாத குட்டியே குட்டி போட்டுடும். ஒன்பது வாரத்துல பிரசவம், நாலு அஞ்சு குட்டி, பால்குடி மறக்கறதுக்குள்ள அடுத்த கடுவன் ஓட்டு மேல கச்சேரி வெப்பான். பூனை குட்டியை ஏழு வீடு மாத்தும்பாங்க. ஏழாவது வீடு உன் ரூமாத்தான் இருக்கும், உன் யூனிபாரம் மேல. ஆறு பசங்க இருக்கிற ரூம்ல பதினோரு பேருன்னா நான் வாடகையை ஏத்தணும். அதனால பேத்தி மூலமா வேப்பேரிக்குக் கொண்டு போவோம். இல்லாட்டி இருக்கவே இருக்குது புளூ கிராஸ், 1959லேர்ந்து சென்னையில இதே வேலையா இருக்காங்க. அதே கையோட வெறிநோய்த் தடுப்பூசி, பூனைக் காய்ச்சல், சளிக்குன்னு முச்சேர்க்கை ஊசி. அதை ஒரு தரம் போட்டா போதாது, திருப்பிப் போடணும், தேதி எழுதிக் குடுப்பாங்க. உனக்கு நாலு ஊசின்னா அவளுக்கும் ரெண்டு மூணாவது வேணும் இல்ல, நியாயம் பாத்தா.

எப்பிடிக் கூட்டிக்கினு போறதுன்னு கேக்கறியா? கோணிப்பை வேணாம். மூடி போட்ட பூனைக் கூண்டு ஒண்ணு வாங்கி, கதவைத் தொறந்து வெச்சு, பத்து நாளு அதுக்குள்ளயே சாப்பாடு வை. அதுவும் ஒரு ஓட்டல்னு நெனைச்சுக்குவா. பதினோராம் நாளு கதவை மூடு. மேல ஒரு துணியைப் போத்து. பூனை கண்ணை மூடிக்கினா பூலோகம் இருண்டு போச்சுன்னு நெனைக்கும்பாங்க இல்ல, நாமளே இருட்டாக்கி வுட்டுட்டா அதுவும் கொஞ்சம் அடங்கும். திரும்பி வந்து ரெண்டு நாளு உன்னைத் துரோகின்னு பாப்பா. பாக்கட்டும். பசி வந்தா மன்னிப்பு வரும்.

ஐப்பசி மழை ஆரம்பிச்சா இன்னொரு வம்பு இருக்குது. கம்பெனியிலேர்ந்து வந்து நிறுத்தின காருக்கு அடியில, சூட்டுக்காக என்ஜினுக்குள்ளயே ஏறிப் படுத்துக்குவா. எதிர்வீட்டுக்காரன்கிட்ட சொல்லி வை, சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி பானட்டை ரெண்டு தட்டு தட்டச் சொல்லு. காரு செய்யற ஊர்ல காருக்குள்ள பூனை மாட்டிச் சாவறது நமக்கு அசிங்கம்.

போதும், 15 நிமிஷம் ஆச்சு. குழாயை மூடு. இன்னா பாக்கற, என் காலையா? இது கருவேல முள்ளு கீறினது. ஆமா, மூணு முள்ளு. வரிசையா மூணு முள்ளு இருக்கக் கூடாதா? ஏரிக்கரையில எல்லாம் அப்பிடித்தான் இருக்கும். பழைய கீறல், போன மாசம்... போன வருஷம். ஊசியா? போட்டுக்கிட்டேன், போட்டுக்கிட்டேன். ஜி.எச்.ல அந்த நர்ஸம்மா, ‘தாத்தா, மறுபடியும் நீங்களா’ன்னு கேட்டுது. அந்தக் கதை உனக்கெதுக்கு?

உஸ். அசையாதே. தோ வர்றா பாரு, மதில் மேலேர்ந்து எறங்கறா. வாலைப் பாரு, கொக்கி. என் பக்கம்தான் வருவா, நான் தினம் இங்கதான உக்காந்திருக்கேன். கண்ணை மெதுவா மூடித் தொறக்கறேன், நீயும் பாத்துக் கத்துக்கோ... எங்க போறா? உன் ஷூவுலயா ஒரசறா? இரும்பு வெச்ச சேப்டி ஷூவுலயா? கிரீஸ் நாத்தத்துல அப்பிடி இன்னா இருக்குதாம்? கீறினவனுக்கே பத்திரம் எழுதறாளே!

சரி, நீ கெளம்பு. ஆஸ்பத்திரியில கூட்டம் சேந்துடும். ரூம் சாவியைக் குடுத்துட்டுப் போ, அவிச்ச மத்தி கிண்ணத்துல மூடி வெச்சிருக்கேன்னு சொன்னே இல்ல. திரும்பி வர மத்தியானம் ஆவும், அது வரைக்கும் அவ பட்டினி கெடக்கக் கூடாது பாரு. நான் வெக்கறேன். நீ குடுத்தனுப்பினதுன்னு அவகிட்ட சொல்லிக்கறேன்.